ராக்காயி அக்காவின் கட்டைவிரல்

தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி அக்கா மீனை அரிவாள்மனையில் வைக்கும்போது, வழுக்காமலிருக்க முதுகுச் செட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் லயத்துக்கு வருவது பெரும்பாலும் சாலயா என்கிற சாளை மீன். அதன் செட்டை யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

போன ஆடியில், மோட்டார் சைக்கிளில் வரும் சிங்கள மீன்காரர் ஓரா கொண்டுவந்தார். பச்சையும் பழுப்புமாகப் புள்ளி போட்ட மீன்.

"அக்கா, முள்ளு பாத்து! சரியான முள்ளு!"

"ஏங்க, நான் என்ன கொக்கா, முழுசா முழுங்க? முள்ளெடுத்துத்தான் சோத்துல போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரர் விரலால் மீனின் முதுகைக் காட்டியதை நான் கண்டேன். ஏன் காட்டினார் என்று எனக்கும் முழுதாக விளங்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

மீனை அரிவாள்மனையில் வைத்துச் செட்டையை அழுத்தியதும் அக்கா அலறினார். தேயிலைக் குச்சி குத்தினால் செய்வதுபோலச் சுண்ணாம்பு தடவித் துணியைச் சுற்றினோம். விடிந்ததும் அக்கா கொழுந்துக் கூடையை எடுத்தார்.

"வீங்கியிருக்கே, மருந்து எடுத்துட்டு வாங்கக்கா" என்றேன்.

"லீவு போட்டா பேரு போயிரும்டி, அன்னைக்குக் கூலி இல்ல. முள்ளுதானே."

கொழுந்தை ஒடிப்பது கட்டைவிரல்தான். மழையில், அந்த விரலோடேயே நான்கு நாள் பறித்தார். ஐந்தாம் நாள் அது கறுத்துப்போனது. ஆஸ்பத்திரியில் நுனியை வெட்டி எடுத்தார்கள்.

நான்தான் துணைக்கு இருந்தேன். அடுத்த கட்டிலில், புத்தளத்திலிருந்து கொட்டகலைக்குக் கல்யாணம் கட்டி வந்த ஒரு பெண் படுத்திருந்தார். ஓரா கரையோரத்தில் கடல்புல்லையும் பாசியையும் மேய்கிற மீன், கறிக்கு நல்ல ருசி என்றார்.

"முதுகுல பதிமூணு முள்ளு. வயித்துப் பக்கமும் இருக்கு. செத்த மீன்லயும் விசம் கெடக்கும். நாங்க முதல்ல முள்ளத்தான் வெட்டுவோம். குத்தினா, சூடு தாங்குற தண்ணியில கைய வைப்போம். விசம் அடங்கிரும். ஆக்கினா ஒண்ணும் செய்யாது."

ராக்காயி அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முள் குத்திய அன்று எங்கள் அடுப்பில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் பாதி நாள் கூலிதான். அதை இங்கே அரைப்பேர் என்பார்கள்.

"என்ன ராக்காயி, கூடையில காத்தையா அடைச்சுக்கிட்டு வந்த?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தராசடியில் கேட்கிறார்.

இப்போது அக்கா சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொழுந்தை இடுக்கி ஒடிக்கிறார். தினமும் அரைப்பேர்தான் விழுகிறது.