காசாம்பு பிரித்துத் தைத்த சட்டைகள்

காசாம்பு இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். பாடாலூரில் நான் ஏறியதும், டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணே, ஒங்க கடை அக்கா தவறிட்டாங்களாமே, நீங்க போகலையா?" என்று கேட்டார். செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடம் ஒரே அறையில் அவளோடு துணி வெட்டியவன் நான்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் தையல் மிஷின் போட்டிருக்கும் உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். உங்களில் பலர் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள். அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் அவள் திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டுவிட்டு வந்தாள். அங்கே பத்து வருடம், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. நான் யாரிடமும் தொழில் கற்றவன் இல்லை. பழைய பேண்ட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வெட்டப் பழகியவன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தோம். ஈரோட்டில் மில்காரர்கள் கழித்துப் போடும் தடித்த ட்ரில் துணியை வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துப் பிறகு வெட்டுவோம். இளவட்டங்கள் போட்டுக்கொண்டு கடைவீதியில் திரியும் சட்டைதான்: தொளதொளவென்று, வெளியே விட்டுக்கொள்வது, இரண்டு பெரிய பை, முழங்கையில் இரட்டைத் துணி. சினிமாவுக்கும் அதுதான், வேலைக்கும் அதுதான். ஒரு கட்டுத் துணியில் இருபத்துநாலு சட்டை வரும். அத்தோடு நிறுத்திவிடுவோம்.

நிறுத்துவது அவள் வைத்த வழக்கம். வாங்கியவன் நான்கு மாதம் கழித்துச் சட்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவள் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "தம்பி, எறையூர்ல கரும்பு லோடு ஏத்துறியா? எடது தோளு மட்டும் தேஞ்சிருக்கு" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தேய்ந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டுத் தந்துவிட்டு, அடுத்த இருபத்துநாலில் அந்த இடத்தைத் தடிப்பாக்குவாள். ஒருவன் கேட்டான்: "ஏன்க்கா, சட்டைய வாங்குனனா, தத்துக் குடுத்தியா?" "தத்துதான்டா. ஒழுங்கா வச்சிருக்கியான்னு பாக்க வேணாமா?" என்றாள்.

திருச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து ஒரே மாதத்தில் ஐந்நூறு சட்டை கேட்டார். எனக்கு ஆசை. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருவத்துநாலு பேரு ஒடம்பு எனக்கு நெனவுல நிக்கும். ஐந்நூறு பேரு நிக்க மாட்டாங்க சார்" என்றாள். அவர் போனதும் நான் கத்தினேன். அவள் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் பெரிய வழக்கு நூல்தான். அவள் பருத்தி நூல் போதும் என்பாள், பிரித்துத் தைக்க வசதி என்று. நான் நைலான் நூல் வேண்டும் என்று நின்றேன். கை சேரும் இடத்தில் மூன்று வரிசை நைலான் தையல். நான்தான் வெட்டினேன், சட்டைக் கைகளையும் நானே இணைத்தேன். 'எங்கள் சட்டை கிழியாது' என்று என் கையாலேயே பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தும் கை பிரியவில்லை. அதைக் கடை வாசலில் நின்று செய்து காட்டியவனும் நான்தான்.

செந்தில் என்ற பையன் எங்களிடம் மூன்று சட்டை வாங்கியவன். இருபத்திரண்டு வயது. அரியலூருக்குக் கிழக்கே ஒரு தனியார் கல்லுடைக்கும் பட்டறையில் வேலை. அங்கே கல்லை ஏற்றிப்போகும் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. ஒருநாள் மத்தியானம், உருளையில் சிக்கிய கல்லை எடுக்கக் குனிந்தபோது சட்டைக் கையைப் பெல்ட் பிடித்தது. மட்டத் துணியாக இருந்தால் சட்டைக் கை பிய்ந்து போயிருக்கும், அவன் கீழே விழுந்து தப்பியிருப்பான். எங்கள் சட்டை பிய்யவில்லை. சட்டையோடு அவனையும் பெல்ட் உள்ளே இழுத்துக்கொண்டது.

செந்தில் செத்துப் பத்து நாள் கழித்து அவன் அம்மா கடைக்கு வந்தார். மடியிலிருந்து அந்தச் சட்டையின் கையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரியில் கத்தரித்த துணி. தோள் துணியோடு சேர்த்துக் கத்தரித்திருந்தார்கள். தையல் அப்படியே இருந்தது. அவர் அழவில்லை, திட்டவில்லை.

"ஏம்பா, இது ஏன் கிழியல?" என்று கேட்டார்.

காசாம்பு என் முகத்தைப் பார்த்தாள். நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள்தான் சொன்னாள்: "நான்தாம்மா அப்படித் தச்சேன்."

அந்தம்மா அவளைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே காசாம்பு பலகையைக் கழற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து பஸ் ஏறினாள். பாடாலூர், எறையூர், ஆலத்தியூர் என்று, எங்கள் சட்டை போட்டவன் ஒவ்வொருவனையும் தேடிப் போனாள். கை சேரும் இடத்தில் என் நைலான் தையலைப் பிரித்தெடுத்து, ஒற்றை வரிசை பருத்தி நூலில் தைத்துக் கொடுத்தாள். பலமாக இழுத்தால் சட்டைக் கை தனியே வந்துவிடும். "கை போறதுக்கு முன்ன தையல் போவணும்" என்று ஒவ்வொருவனிடமும் சொன்னாள். பலர் தரவில்லை. "கிழியாதுன்னுதானே வாங்கினோம்" என்று விரட்டினார்கள். எறையூரில் ஒருவன், "அப்படியே ஜட்டியையும் லூசா தச்சுக் குடுக்கா" என்று கூட்டத்தில் சிரித்தான். "கழட்டிக் குடு, தச்சுத் தரேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

உங்கள் கடைகளில் அப்போது என்ன பேசினீர்கள் என்பது என் காதுக்கு வந்தது. பைத்தியம் பிடித்துவிட்டது, நல்ல தையலைப் பிரித்து மோசமாகத் தைக்கிறாள் என்றீர்கள். நானும் கிட்டத்தட்ட அதையே சொன்னேன். தப்பு மூடியில்லாத பெல்ட்டில் இருக்கிறது என்றேன். தொழிற்சாலைச் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, அதிகாரிகளுக்கு மனு மேல் மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்றைக்கும் அந்த வார்த்தையிலிருந்து நான் மாறவில்லை. அந்தப் பெல்ட்டுதான் செந்திலைக் கொன்றது. மூடி போடாத பட்டறைக்காரன் இன்னும் வெள்ளை வேட்டியில் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

மனுக்களை அவளிடம் வாசித்துக் காட்டுவேன். தலையாட்டுவாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்: "எழுதுங்கண்ணே. பெல்ட்டு அவன் கையில இருக்கு. நூலு நம்ம கையில இருக்கு."

போன வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது பாதி ஆளாக இருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என் சட்டைக் கையை இழுத்து, எந்த நூல் என்று பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"காசாம்பு, அந்தத் தையல் என்னுது. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"தெரியும்ணே. சொல்லுவீங்கன்னு ஒரு நிமிசம் பாத்தேன்" என்றாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அவள் காரியம் முடிந்த மறுநாள் செந்திலின் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: அந்தக் கையைத் தைத்தவன் நான், அவள் இல்லை என்று. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வருசா வருசம் அவன் திதிக்கு அந்தப் பொண்ணு வரும். ஒரு மூலையில ஒக்காந்திருந்துட்டு, ஏனம் கழுவிக் குடுத்துட்டுப் போவும். மொத ரெண்டு வருசம் நான் அதுகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அது உசுரோட இருக்கறப்ப நீ வந்திருந்தா, அதுக்கு ஒரு வாய் சோறு போட்டிருப்பேனே" என்றார்.

திரும்பி நடந்தேன்.

அவளுடைய மிஷினை அவள் அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். அது நியாயம். அளவு நோட்டுகளையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு மிஞ்சியிருப்பது, கடையில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்த ஒரு நிமிடம். மேசைமேல் துணி கிடக்கிறது, அந்தம்மா நிற்கிறார், காசாம்பு பார்க்கிறாள். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதில் நான் வாயைத் திறப்பதில்லை.