மண்ணின் மைந்தர்

டாக்டர் இறந்த மறுநாள் அவர் வீட்டு ஓனர் என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். "நீதான் படிச்சவன். பேனர்ல தப்பு கீதா பாரு." டாக்டர் படத்துக்குக் கீழே 'மண்ணின் மைந்தருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரகடத்தில் எங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர். சாகும்வரை அவர் எங்களுக்குச் சிலோன்காரர்தான். அவர் ஒரு மனை விலைக்குக் கேட்டபோது, "வெளியாளுக்குத் தர்றதில்ல" என்றவர் இதே ஓனர்.

தினமும் காலையில் மகளுக்கு ஜடை பின்னிவிட்ட பிறகுதான் டாக்டர் ஊசியைத் தொடுவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கிண்டலடிப்போம். "சிலோனு ஜடை போட்டுக்கினு கீறாரு, குந்து நைனா." அவர் சிரிப்பார். "ரிப்பன் கட்டினா முடிஞ்சுது, வாறன்."

டாக்டரின் மனைவியையும் அந்த மகளையும்தான் ஓனர் உடனே காலி செய்யச் சொல்லியிருந்தார். கம்பெனிப் பையன்களுக்கு ஹாஸ்டல் கட்டப்போகிறாராம்.

"எழுத்துல தப்பில்ல மாமா. மண்ணின் மைந்தர்னு போட்டா அவங்களை அந்த வூட்லயே இருக்க விடு. இல்லன்னா சிலோன்காரர்னே போடு."

"இன்னாடா, படிச்ச திமிரா?"

பேனரை அப்படியே கட்டினார்கள். அதே வாரம் டாக்டர் வீட்டுச் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி அதன் கீழேதான் போனது. டிரைவர் பக்கத்தில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளின் ஜடை கோணலாக இருந்தது.