குருவித்திட்டில் மடக்கிய பட்டி

பாகூர்ப் பக்கத்து ஏரி ஒன்றின் நடுவே காணி அளவுக்கு ஒரு மேடு கிடக்கிறது. மழைக்காலத்தில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்து அது தீவாகிவிடும். நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கூடு கட்டுகிற இடம். அதனால் குருவித்திட்டு என்று பேர்.

ஏரி வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனக்கொடிதான் மேஸ்திரி. எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அந்தத் திட்டில் மண்டிக்கிடந்த வேலிக்காத்தானை, அந்தச் சீமைக் கருவேல முள்ளை, மூன்று கோடைகள் கடப்பாரை போட்டுத் தூரோடு பெயர்த்தது அவளுடைய ஆட்கள்தான். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகள் அந்த முள்ளில் குத்திக்கொண்டு உயிரோடு தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். முள்ளை எடுத்த இடத்தில் கடம்பும் நீர்மருதும் நட்டாள். கன்றுகள் இடுப்பளவு வந்து, அதற்கு மேல் எழவில்லை.

வைகாசியில் ஏரி வறண்டு கிடந்தபோது கன்றுகள் எழ ஆட்டுக்காரர் பலராமன் வழி சொன்னார். "நாலு நாளு பட்டி மடக்கிட்டா போச்சி. இதுக்கு இன்னா யோசன?"

"கன்னெல்லாம் மேஞ்சிடுமேண்ணே."

"சாக்கு சுத்து. எம்மூட்டு ஆடு உன்னவிட சொன்னபேச்சி கேக்கும்."

அறுவடை முடிந்த கழனியில் ஆட்டை அடைத்து எருவேற்றுவது ஊர் வழக்கம். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஆடுகள் பகலெல்லாம் ஏரிக்கரையில் மேய்ந்தன. பொழுது சாய்ந்ததும் திட்டில் வந்து படுத்தன. அந்தக் கோடையில் கரையில் மேய இருந்தது வேலிக்காத்தான் நெற்று ஒன்றுதான்.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு திட்டில் ஏறிய ஆட்களில் ஒருத்தி, காசம்மாள், அப்படியே நின்றுவிட்டாள். "ஏண்டி தனம், கீர வெதச்சியா இன்னா?"

தரை முழுக்கப் பச்சை. தனக்கொடி குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். மேலே விரல் நீளத் தண்டு. கீழே சாண் நீள வேர். சுற்றிலும் ஊறிக் கிடந்த புழுக்கைகளைப் பார்த்தாள். ஒன்றை நசுக்கினாள்; உள்ளே வேலிக்காத்தான் விதை முளைவிட்டிருந்தது. கழனியில் முளைத்திருந்தால் ஏர் ஓட்டும்போது செத்திருக்கும், கட்டிய தண்ணீரில் அழுகியிருக்கும். திட்டை யார் உழுவது?

பதினோரு பெண்களும் குந்தியபடியே பிடுங்கினார்கள். வேர் வராமல் கழுத்தில் ஒடிந்தது மூன்றாம் நாள் மறுபடி துளிர்த்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பிறகு ஏரி மீனவர் கண்ணையன் படகில் கொண்டுவந்து விட்டார். இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் முடிந்திருக்கும். மேற்குப் பக்கம் மட்டும் பாக்கி.

பத்து நாள் அடைமழையில் படகு போகவில்லை; மழை விட்ட காலை அவர்கள் படகை நெருக்கியபோது திட்டின் மரங்கள் வெளுத்திருந்தன. நாரைகள் வந்து இறங்கிவிட்டன. பழைய ஆலமரத்துக் கூடு ஒன்றில் நாரை அடைகாத்துக்கூட உட்கார்ந்திருந்தது. முதலில் காசம்மாள் கால் வைத்தாள். மொத்தக் கூட்டமும் சடசடவென்று எழும்பியது. எங்கிருந்தோ வந்த காக்கை ஒன்று அந்தக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது.

"ஏறுடி காசம்மா, படவுல" என்றாள் தனக்கொடி.

"கொஞ்சந்தாண்டி கெடக்குது! இப்ப வுட்டா மூணு வருசப் பாடு?"

"முட்ட போவுது. ஏறு."

பறவைகள் பங்குனி வரை இருக்கும். அதுவரை யாரும் அங்கே கால் வைக்க முடியாது.

தனக்கொடி தினமும் விடிந்ததும் கரைமேல் வந்து நின்றாள். மார்கழியில் ஒருநாள் காசம்மாளும் கூட வந்தாள். தூரத்தில் குஞ்சுகளின் கத்தல். மேற்குப் பக்கம் கோரைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு ஒரே வேலிக்காத்தான் பச்சை.

"இன்னா ஒசரம் இருக்கும்?" காசம்மாள் கேட்டாள்.

"முட்டிக்கு மேல."

தையில் காசம்மாள் மறுபடி வந்தபோது முள் இடுப்பைத் தாண்டியிருந்தது. கரையிலிருந்து பார்க்கையில் கடம்பங்கன்றுகள் கண்ணுக்குத் தெரியவில்லை.