இடது கையால் வாசித்தவர்

தென்காசிக்குப் பியானோவோடு வந்து சேர்ந்தபோது எனக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை சென்னையில் இருந்துகொண்டு, ஊர் ஊராகப் போய் மேற்கத்திய செவ்விசைக் கச்சேரிகள் வாசித்தேன். மேடையில் எனக்குப் பக்கத்தில் வயலினோ மிருதங்கமோ இருந்ததில்லை. பியானோவும் நானும்தான். கைதட்டல் முடிந்து லாட்ஜ் அறையில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பேச ஆள் இருக்காது. அழைப்புகள் குறைந்ததும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

மாலையில் சில பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பியானோ படித்தார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுவார்கள். சாரல் காலத்தில் ஈரம் ஏறிக் கட்டைகள் அமுங்காது. பியானோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அது காய்வதற்காகக் காத்திருப்பேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, காக்கி உடையில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார்.

"கேஸ் ஒண்ணும் இல்ல டீச்சர், பயப்படாதிய. பியானோ படிக்கணும்."

வலது கையை நீட்டிக் காட்டினார். "புளியறை போற ரோட்டுல ஜீப்பு கவுந்துட்டு. இந்த ரெண்டு விரலும் மடங்க மாட்டேங்குது. இடது கை நல்லாத்தான் இருக்கு. ஒரு கைய வச்சு வாசிக்க முடியுமா?"

"முடியும். ஆனா ஏன் பியானோ?"

"நான் படிச்ச கான்வென்ட்ல ஒண்ணு கெடந்திச்சு. பூட்டியே வச்சிருப்பாவ. தொட விட்டதே இல்ல."

சனிக்கிழமை மாலைதோறும் இடது கைப் பகுதியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வலது கைப் பகுதியை நான் வாசித்தேன். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்போம். அவருடைய தாளம் அணிவகுப்பு மைதானத்தில் பழகியது, அசையாது. நானோ இத்தனை வருடமும் என் இஷ்டத்துக்கு இழுத்தும் விரட்டியும் வாசித்துப் பழகியவள். ஒருநாள் அவர் கையை எடுத்துவிட்டார்.

"டீச்சர், நீங்க பாட்டுக்கு ஓடுதிய. நான் வர வேண்டாமா?"

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டே வாசித்தேன்.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கச்சேரி ஏற்பாடு செய்தேன். கடைசி உருப்படியை இருவரும் சேர்ந்து வாசிப்பதாகத் திட்டம். "போலீஸ்காரி மேடையில ஏறுனா சிரிப்பாவ" என்று முதலில் மறுத்தவர், பிறகு பச்சைப் பட்டுப்புடவை கட்டி வருவதாக ஒத்துக்கொண்டார். அன்று மலையில் கனமழை. கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன்னால் போன் வந்தது.

"அருவியில வெள்ளம் வந்துட்டு டீச்சர். ஆளுவள வெளியேத்திக்கிட்டு இருக்கோம். நீங்களே ரெண்டு கையாலயும் வாசிச்சிருங்க."

பின்னால் விசில் சத்தமும் கூச்சலும் கேட்டன. மழைக்கு ஒதுங்க வந்தவர்களையும் சேர்த்து, பாதி நாற்காலிகள்தான் நிரம்பியிருந்தன. கடைசி உருப்படியின் நடுவில் ஓர் இடத்தில் என் இடது கை தயங்கி நின்றது. சேர்ந்து வாசிக்கும்போது அவர் வருவதற்காக நான் நிற்கிற இடம் அது. சட்டென்று சுதாரித்துத் தொடர்ந்தேன். முன்வரிசைக்காரர் ஒருவர் அந்த இடைவெளியைத்தான் பிறகு வெகுவாகப் பாராட்டினார். நன்றி சொன்னேன்.

சில வாரங்களில் அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. வீட்டுக்கு வந்து, பியானோ மூடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "வருதேன் டீச்சர்" என்றார். அங்கே போய் ஒரு கீபோர்டு வாங்கினார். போனில் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். அவர் சத்தம் எனக்குத் தாமதமாக வந்தது, என் சத்தம் அவருக்குத் தாமதமாகப் போனது. "இப்பவும் ஓடுதிய" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு அந்த முயற்சியை விட்டுவிட்டோம்.

இப்போது அவர் கூப்பிடுவது குறைந்துவிட்டது. பெரிய ஸ்டேஷன், ஓயாத வேலை. சனிக்கிழமை மாலைக்கு தங்கள் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்கிறார்கள். நேரமில்லை என்று சொல்லிவிடுகிறேன். தனியாக வாசிப்பது ஆயுள் முழுக்கச் செய்த வேலைதான். அது தனியாக வாசிப்பது என்று முன்பெல்லாம் எனக்குத் தோன்றியதே இல்லை.