புட்டியைக் காட்டு

சாலைகளில் வெள்ளைக் கோடு போடுவது அவளது வேலை. உடன் உழைப்பவர்கள் அவளைக் கோட்டக்கா என்றே அழைத்தார்கள். வெயில் தலைமேல் அடித்தது போதாதென்று, புதுச் சாயத்தில் பட்டுத் தெறித்துக் கண்ணிலும் அடிக்கும். கருவிழியின் ஓரத்தில் வெண்புள்ளி ஒன்று தென்பட்டபோது, சாயம் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தாள். கழுவிக் கழுவிப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

"ரோட்டுல போட்டது பத்தாதுன்னு கண்ணுலயும் போட்டுக்கிட்டியா?" என்று கணவன் கிண்டல் செய்தான்.

கடைத்தெரு மருத்துவர், "வெறும் சதைதான்மா" என்று சொல்லி வெட்டினார். வெட்டியதைப் பஞ்சோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். ஆண்டு திரும்புவதற்குள் புள்ளி மறுபடியும் முளைத்துக் கருவிழியின் மேலேயே ஏறியது.

பெரிய மருத்துவமனையில் பெண் மருத்துவர் நீலச் சொட்டு ஒன்றை விட்டார். புள்ளி மட்டும் நீலத்தைக் குடித்துத் தனித்துத் தெரிந்தது.

"புற்றுநோய்க்கு முந்தின நிலையா இருக்கலாம்மா. இப்பவே எடுத்துட்டா கண்ணு தப்பிச்சிடும். விட்டா உள்ளே இறங்கிடும். முன்னாடி வெட்டினதைச் சோதனைக்கு அனுப்பினாங்களா?"

"குப்பைக்கு அனுப்பினாங்க."

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நேரே கடைத்தெரு மருத்துவர் முன் போய் நின்றாள்.

"தினமும் எத்தனையோ பேருக்கு வெட்டுறேன். எல்லாத்தையும் அனுப்பிட்டிருக்க முடியுமா?" என்றார் அவர்.

"கோடு கோணினா ரோட்டையே சுரண்டிட்டுத் திரும்பப் போடச் சொல்றாங்க சார். உங்களை யாரு கேக்கறா?"

"சத்தம் போடாதீங்க."

"இன்னும் போடவே ஆரம்பிக்கல!"



பெரிய மருத்துவமனையில் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, புள்ளியைச் சுற்றியிருந்த திசுவையும் சேர்த்து வெட்டினார்கள். விளிம்பில் மிச்சம் இருந்தாலும் சாகும்படி குளிரால் உறையவைத்தார்கள். கட்டுப் போட வந்த செவிலியின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டினது எங்கம்மா?"

"பாட்டில்ல போட்டாச்சுக்கா."

"காட்டு. ஒட்டியிருக்கற பேரையும் வாசி."

நகத்துணுக்கை விடச் சிறியதொன்று தெளிந்த நீரில் மிதப்பதை மற்றொரு கண்ணால் பார்த்த பிறகே கையை விட்டாள்.

சோதனை முடிவு வந்தது: புற்றாக மாறவில்லை, ஆனால் ஓரத்தில் மிச்சம் இருந்தது. அதை அழிக்கச் சில மாதங்கள் எரிச்சலூட்டும் சொட்டு மருந்து. கணவன்தான் கிண்டலை மறந்து, வேளை தவறாமல் விட்டான். கடைசிப் பரிசோதனையில் நீலம் எங்கும் ஒட்டவில்லை.

"கண்ணுதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?" என்று கேட்டான் அவன்.

"கடைத்தெரு டாக்டர் மேல இருக்கற கோபத்துக்கும் ஒரு சொட்டு மருந்து இருந்தா வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.