எலும்புக் கரியும் இறைச்சிக்கடை அக்காவும்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்களில், வாரம் ஒருமுறை ஓர் இறைச்சிக் கடையின் பின்வாசலில் மூடிபோட்ட தயிர் வாளி எனக்காகக் காத்திருக்கும். உள்ளே ஆட்டெலும்புகள். அவற்றை உலையில் கரியாக்கி, பொடித்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரில் போடுவேன். கரி சாயத்தைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் தெளிந்துவிடும். சாயக் கழிவுநீரை வீணாகும் எலும்பைக் கொண்டு சுத்தம் செய்வதுதான் என் ஆய்வு.

வாளியை நிரப்பித் தந்தவர் அந்தக் கடையில் வேலைபார்த்த யாழ்ப்பாணத்து அக்கா. நான் இறைச்சி சமைக்காத வீட்டில் வளர்ந்தவள். முதல் நாள் அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து, வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த எலும்பை அப்படியே கொட்டியும் விட்டேன். அடுத்த வாரத்திலிருந்து வாடை உறைக்கவில்லை. பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

கடைசி ஆண்டில் அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. வேறொருவர் வாளியை நிரப்பினார். வாடை திரும்பியது, வெயில் காலம் என்று நினைத்தேன். ஆனால் கரி பிசுபிசுத்தது, தண்ணீர் நீலமாகவே நின்றது. உலையின் சூட்டை மாற்றினேன், சாயத்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் என் பழைய குறிப்பேடுகளை வாங்கிப் படித்துவிட்டு, "முதலில் வந்த முடிவுகள் உண்மைதானா?" என்று கேட்டார். விசா முடிய மூன்று மாதம் இருந்தது. அழுத முகத்தோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். "பிள்ளை, எலும்பை அவிச்சனீரே?"

"அவிக்கணுமாக்கா?"

"நான் வீட்டுக்குக் கொண்டுவந்து குக்கரில அவிச்சு, கொழுப்பெல்லாம் கழுவிக் காயவிட்டுத்தானே தந்தனான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேக்கா!"

"முதல் நாள் நீர் முகத்தைத் திருப்பினதைக் கண்டனான். சொன்னால் வெக்கப்படுவீர் எண்டு விட்டுட்டன்."

கொழுப்புதான் கரியின் நுண்துளைகளை அடைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் அவிப்பார் என்று கேட்டேன். "ஆறு விசில்" என்றார். பேராசிரியரிடம் விசில் கணக்கை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சமையலறையில் நானே எலும்பை அவித்து, கைபேசியில் நிமிடங்களை அளந்தேன்; அவர் நாற்காலியில் இருந்து அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கரி தண்ணீரைத் தெளிய வைத்தது. எலும்பை அக்கா அவித்துத் தந்தது எனக்கே தெரியாமல் இருந்ததைப் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். "அப்படியே எழுது" என்றார். எழுதினேன், அக்காவின் பெயரோடு. ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தை அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாராம்.

இப்போது டிரெஸ்டனில் இதே வேலைதான் செய்கிறேன். போன வாரம்கூட அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தண்ணி தெளியுதே, பிள்ளை?"

"தெளியுதுக்கா" என்றேன்.