மாரிட் தேர்ந்தெடுத்த மருத்துவமனை

மாரிட் ப்ரெக்கேவுக்கு எதையும் நிதானமாக ஆசைப்படத் தெரியாது. ஃபார்கோ மருந்தியல் கல்லூரியில் படித்த காலம் முழுக்க அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான். அவளுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்கும் தூக்கம் போய்விடும்.

கல்லூரிக்கு வருவதற்கு முன் அவள் சொந்த ஊரில், அப்பாவின் மாட்டுப் பண்ணையில் இருந்தாள். ஊர் ஆம்புலன்சிலும் தொண்டராக ஓடினாள். ஒரு அறுவடைக் காலத்தில், இயந்திரத்தில் கை சிக்கிய ஒரு விவசாயியைப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டிலருகே நின்ற ஒரு பெண், டாக்டர் மருந்தின் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசியில் அதை ஏற்றி நீட்டியிருக்கிறாள். "அவ்வளவு வேணாம் டாக்டர், பாதி போதும்" என்றும் சொல்லியிருக்கிறாள். டாக்டரும் மறுபேச்சு பேசாமல் பாதியைப் போட்டிருக்கிறார். யார் இந்த அம்மா என்று மாரிட் விசாரித்தாள். மருந்தாளர் என்றார்கள்.

"மருந்துக் கடையைத் தாண்டி எங்கயும் மருந்தாளர் இருப்பாங்கன்னே எனக்கு அன்னைக்குத்தான்டி தெரியும்" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஆனால் அந்த வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது. பட்டம் முடிந்த கையோடு ஒரு வருஷம், மருத்துவமனையே கதியென்று ரெசிடென்சி பயிற்சி செய்ய வேண்டும். சம்பளம் கடை வேலையில் பாதிதான். எனக்கு அது வேண்டாம் என்று முன்பே முடிவு செய்து, ஃபார்கோவிலேயே ஒரு கடையில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். மாரிட்டுக்கு அது ஒன்றுதான் வேண்டும். அதுவும் மினியாபொலிஸில் இருக்கும் பெரிய மருத்துவமனையில். அதன் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பால் எடுக்கப் போனாலும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வருஷம் டிசம்பரில் தெற்கே ஒரு வெயில் ஊரில் பெரிய மாநாடு நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் மருத்துவமனைகள் வந்து மேசை போட்டு உட்கார, மாணவர்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசுவார்கள். அங்கிருந்து மாரிட் போனில் கத்தினாள்.

"திருவிழா மாதிரி இருக்குடி! எல்லாரும் கறுப்புக் கோட்டு. நானும் கறுப்புக் கோட்டு. எங்கம்மா பார்த்தாகூட அடையாளம் தெரியாது."

"மினியாபொலிஸ்காரங்களைப் பார்த்தியா?"

"பார்த்தேன், பார்த்தேன். வரிசை வாசல் வரைக்கும் நின்னுது. ரெண்டு நிமிஷம் பேச விட்டாங்க. ஆனா கேளு, நடுவுல மொன்டானாவுல ஒரு மலையூர் ஆஸ்பத்திரி மேசை. ஆளே இல்ல. கழிவறை எங்கன்னு கேக்கப் போனேன். ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தேன்."

"கழிவறைக்குப் போனியா இல்லையா?"

"அதை ஏன் கேக்குற!"

ஊருக்குத் திரும்பியதும் விண்ணப்ப வேலை தொடங்கியது. எட்டு இடங்களுக்கு எட்டு விதமான கடிதம். பேராசிரியர்களிடம் பரிந்துரை கேட்டு நடையாய் நடந்தாள். மாலை நேரங்களில் நான் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டே தேர்வாளராக நடிக்க வேண்டும்.

"மிஸ் ப்ரெக்கே, உங்க பலவீனம் என்ன?"

"பசி."

"ஒழுங்கா சொல்லு, இல்லேன்னா சோறு கிடையாது."

"அவசரம். எதிராளி கேள்வியை முடிக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவேன்."

"அதுக்கு என்ன செய்யப்..."

"முயற்சி பண்ணிட்டிருக்கேன்!"

ஐந்து இடங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மினியாபொலிஸ் அழைப்பு வந்த அன்று படியில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள். அந்த நேர்காணலும் அமர்க்களமாக முடிந்தது. அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்களாம். நல்ல சாப்பாடு போட்டு, பத்தாவது மாடியிலிருந்து நகரத்தைக் காட்டினார்களாம். இனி வேறெங்கும் போகவே வேண்டாம் என்றாள். ஆனாலும் மொன்டானாக்காரர்களிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஜனவரிக் கடைசியில் என் காரில் இருவரும் மேற்கே கிளம்பினோம்.

பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பனி அள்ளும் வண்டியின் பின்விளக்கையே பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். ஸ்வேன்டால் என்ற சின்ன ஊர் அருகே நெடுஞ்சாலைத் தடுப்புக் கதவைக் கீழே இறக்கிவிட்டார்கள். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார்.

"எங்கம்மா போறீங்க?"

"மொன்டானாவுக்கு சார். நாளைக்குக் காலைல எனக்கு நேர்காணல்."

"நாளைக்குக் காலைல நீங்க லூத்தரன் சர்ச் கீழ்த்தளத்துலதான் இருப்பீங்க. காபி நல்லா இருக்கும். திரும்புங்க."

சர்ச் கீழ்த்தளத்தில் எங்களைப் போல நாற்பது பேர் ஒதுங்கியிருந்தார்கள். லாரி ஓட்டுநர்கள், ஒரு கல்லூரி கூடைப்பந்து அணி, ஒரு குழந்தையோடு தம்பதி. ஊர்ப் பெண்கள் அண்டா அண்டாவாக சூப் கொண்டுவந்தார்கள். மாரிட் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். சரி, காணொளியிலேயே பேசிவிடலாம் என்றார்கள்.

மறுநாள் காலை சமையலறை மூலையில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் கணினியை வைத்தோம். மாரிட் மேலே கறுப்புக் கோட்டு, கீழே பனி பூட்ஸ். சமையல் பொறுப்பிலிருந்த ஆர்டிஸ் என்ற பெண்மணி கரண்டியை உயர்த்திப் பிடித்துக் கூடத்தைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: "சத்தம்!" கூடைப்பந்து அணி அப்படியே அடங்கியது.

திரையில் இருவர் வந்தார்கள். பயிற்சித் தலைவர் டாக்டர் ரீமர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடன் வேலை பார்க்கும் ஐசக். மாரிட், தேர்வுக்கென்று தயாரித்து வைத்திருந்த ஒரு நோயாளியின் சிகிச்சைக் கதையை விளக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கூடத்திலிருந்து மெல்வின் என்ற பெரியவர், மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி உள்ளே வந்தார். கைக்குட்டை முழுக்க ரத்தம்.

"இங்க யாரோ மருந்துக்குப் படிக்கிற பொண்ணு இருக்குன்னாங்களே?"

மாரிட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மன்னிக்கணும் டாக்டர், ரெண்டு நிமிஷம்" என்று எழுந்தாள். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கை எங்கே அழுத்த வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்தே காட்டினாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின். இன்னொரு பையிலிருந்து ஒரு குப்பி. வண்டியிலேயே உட்கார்ந்து இடுப்பு வலித்ததாம். வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் வலி மாத்திரை வாங்கி, நேற்றிலிருந்து ஆறு விழுங்கியிருக்கிறார்.

"ஐயோ, இது ரெண்டும் சேரவே கூடாதுங்க! வலி மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. இன்னைக்கு வார்ஃபரினையும் நிறுத்திடுங்க."

"நிறுத்தச் சொன்னியா?" திரையிலிருந்து டாக்டர் ரீமரின் குரல் வந்தது.

மாரிட் திரும்பினாள். "ஆமா டாக்டர். ரத்தம் வருதே."

"அவர் எதுக்காக வார்ஃபரின் சாப்பிடறார்?"

மாரிட்டின் முகம் சிவந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை. ஆனால் அங்கேயே நின்று தவிக்கவும் இல்லை. பெரியவரை நாற்காலியோடு இழுத்து வந்து கேமரா முன்னால் நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க மெல்வின். எதுக்கு இந்த மாத்திரை?"

"நெஞ்சுல வால்வு வெச்சிருக்காங்கம்மா. இரும்பு வால்வு. சத்தமில்லாம இருந்தா டிக் டிக்னு உனக்கே கேக்கும்."

"இரும்பு வால்வு இருக்கறவருக்கு நீயா மருந்தை நிறுத்தினா, வால்வுல ரத்தம் கட்டிக்கும்" என்றார் ரீமர்.

"ஒருவேளை நிறுத்தறதுல தப்பில்ல" என்று ஐசக் குறுக்கே விழுந்தார். "ஆறு மாத்திரை முழுங்கியிருக்கார். ரத்தம் நிக்கலேன்னா?"

"ஒருவேளைன்னு சொல்லி வால்வோட விளையாடாதே ஐசக்."

"நான் விளையாடல, நீங்கதான் பயமுறுத்துறீங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க!" என்றாள் மாரிட். நேர்காணலில், தேர்வாளர்களைப் பார்த்து! நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "அவரோட ரத்தப் பரிசோதனை நம்ம யார் கையிலயும் இல்ல. அது இல்லாம மூணு பேரும் சும்மா கத்திட்டிருக்கோம். மெல்வின், உங்க கிளினிக் நம்பர் குடுங்க."

கிளினிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கிருந்த நர்ஸ் விவரம் கேட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வந்து சொன்னார்: போன வாரப் பரிசோதனை சரியாக இருக்கிறது, வார்ஃபரினை நிறுத்த வேண்டாம், வலி மாத்திரையைத் தொடக்கூடாது, ரத்தம் நிற்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸ், நின்றுவிட்டால் ரோடு திறந்ததும் பரிசோதனை. போனை வைக்கும்போதே ரத்தம் நின்றுவிட்டிருந்தது. மெல்வின் கேமராவைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு வேலை குடுங்கப்பா" என்றார்.

"இன்னும் அவ கதையையே முடிக்கல" என்றார் ரீமர். சிரிக்கவில்லை. மாரிட் உட்கார்ந்து மிச்சக் கதையைச் சொல்லி முடித்தாள். அதிலும் ரீமர் நான்கு இடத்தில் மடக்கினார். இரண்டு இடத்தில் மாரிட் விட்டுக்கொடுக்கவில்லை.

கணினியை மூடியதும் ஆர்டிஸ் ஓடிவந்தார். "கிடைச்சுதா?"

"எங்க கிடைக்கும்? முக்கியமான கேள்வியையே கேக்க மறந்துட்டேனே" என்றாள் மாரிட். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளத்தாக்கில் சறுக்கி இறங்கிய குழந்தை போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

மார்ச் முதல் வாரத்தில் வரிசைப் பட்டியல் அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு தரகர் பார்த்து வைக்கும் கல்யாணம் மாதிரிதான். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார்கள். மருத்துவமனைகள் மாணவர்களை வரிசைப்படுத்தும். யாருக்கு யார் என்று கணினி முடிச்சுப் போடும். விழுந்த முடிச்சை மாற்ற முடியாது. மாரிட் மொன்டானாவை முதலில் போடப் போவதாகச் சொன்னபோது அவள் பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும்தான் கத்தினேன்.

"உனக்கென்ன கிறுக்கா? நாலு வருஷமா குளிர்பெட்டியில ஒட்டி வெச்சுக் கும்பிட்ட இடம்டி அது!"

"அங்க போனேன், பாராட்டினாங்க. நான் என்ன சொன்னாலும் அருமைன்னாங்க. மொன்டானாக்காரங்க என்னோட சண்டை போட்டாங்கடி. அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்க. யாரோ முன்னப்பின்ன தெரியாத மெல்வினுக்காக! எனக்கு அந்த மேசையில உக்காரணும்."

"நீ வால்வைக் கேக்க மறந்தவ. அவங்க பட்டியல்ல உன் பேரே இருக்காது."

"இல்லாம போகட்டும். எனக்கு எது வேணுமோ அதைத்தானே முதல்ல எழுதணும்?"

எழுதி அனுப்பியும் விட்டாள். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. அடுத்த பத்து நாளில் வீட்டை மூன்று முறை கழுவினாள். என் செருப்பைக்கூட விடவில்லை.

முடிவு வரும் நாள், மாடுகள் கன்று போடும் காலம். அப்பா ஆர்லினுக்கு ஆள் உதவி தேவை என்று பண்ணைக்கு வந்திருந்தாள். நானும் கூட வந்தேன். கொட்டகையில் ஒரு கிடாரிக்குப் பிரசவம் சிக்கலாக இருந்தது. மாரிட் தோள் வரை கையை உள்ளே விட்டுக் கன்றின் முன்னங்காலைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கோட்டுப் பையில் போன் ஒலித்தது.

"எடு எடு எடு! வேணாம், எடுக்காத! எடுடி!"

எடுத்துப் பார்த்தேன். மின்னஞ்சல் வந்திருந்தது.

"அப்பா, கயித்தை விடாதீங்க! ஏய், படி!"

"மொன்டானா" என்றேன்.

மாரிட் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தொழுவத்து மாடுகளெல்லாம் எழுந்து நின்றன. கிடாரி மிரண்டு ஒரு முக்கு முக்கியது. கன்று அப்படியே வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்தாள். ஆர்லின் அதிகம் பேசாத மனிதர். தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டி, "என்ன, போன்ல வந்த விஷயம் நல்லதுதானே?" என்று என்னிடம் கேட்டார்.

"அவ முதல்ல கேட்ட இடமே கிடைச்சிருக்கு அங்கிள்."

"அப்படியா" என்று எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தவர், பாதி முற்றத்திலேயே ஓட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது.

ஜூனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் மொன்டானா வரை போனேன். டாக்டர் ரீமர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "ரத்தத்தைப் பார்த்து எழுந்து போனவ திரும்ப கேமரா முன்னாடி வருவாளான்னு நானும் ஐசக்கும் பந்தயம் கட்டினோம். நான் வரமாட்டான்னேன். அவ ஆளையே நாற்காலியோட இழுத்துட்டு வந்து நிறுத்திட்டா" என்றார். அப்போதுதான் முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

முதல் வாரம் முடிந்த அன்று நான் கடையில் நின்றிருந்தேன். எதிரே வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். போனில் மாரிட் மூச்சு விடாமல் பேசினாள். அவசரப் பிரிவிலிருந்து மருந்தாளரைக் கூப்பிடும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டார்களாம். குதிரை கீழே தள்ளிவிட்ட ஒரு பையனுக்கு மருந்து அளவைக் கணக்குப் போட்டு, ரீமர் சரிபார்க்க, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவன் அவளிடம் குதிரையின் பேரைச் சொன்னானாம்.

"சரி, உனக்கு அங்க வீடெல்லாம்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இரு இரு, போன் அடிக்குது. அந்தப் போன்! வெச்சுடறேன்!" என்றாள். வைத்தும் விட்டாள்.